செம்மரம் பாடுகிறது, செத்தவனுக்குப் பாட்டு எங்கே?

ஜெர்மனி நாட்டுப் பெர்லின் நகரிலே, 2022-ஆம் ஆண்டு, ஓர் ஓவியக் கண்காட்சி நடந்தது. அங்கே பட்டுத்துணி இல்லை, பொன்முலாம் பூசிய சட்டங்கள் இல்லை. தொழிலாளி மரத்தைக் கீறி, பாலை வடித்து, உறைய வைத்து, உருளையிலே அழுத்தி, வெயிலிலே உலர்த்தி எடுப்பானே, அந்த ரப்பர் ஷீட்டுகள் இருந்தன. அவற்றின் மீது மனித முகங்கள். அடிமை நாடாக நாம் கிடந்த நாளிலே, ஜெர்மன் இனவியலார் தென்னாட்டுக்கு வந்து, தாழ்த்தப்பட்டோரையும் பழங்குடி மக்களையும் வரிசையிலே நிறுத்தி எடுத்துப்போன பழைய புகைப்படங்களின் முகங்கள். அந்த முகங்களுக்குத் துணையாகப் பாட்டு!

கண்காட்சியை வைத்தவர் சஜன் மணி. கேரளத்தின் வடபுலத்திலே, ரப்பர்ப் பால் வெட்டிப் பிழைத்த தலித் குடும்பத்திலே பிறந்தவர். 2021-இல் பெர்லின் கலைப் பரிசு பெற்றவர். தம் மூதாதையரைத் துயிலெழுப்பும் அழைப்பு என்று அந்தக் கண்காட்சிக்குப் பெயர் சூட்டினார். துயிலெழுப்ப அவர் கையிலெடுத்த கருவி, பொய்கையில் அப்பச்சனின் பாடல்கள்.

யார் இந்த அப்பச்சன்? திருவிதாங்கூர்ச் சீமையிலே 1879-இல் பிறந்தவர். பறையர் குலத்தவர் என்று ஒதுக்கப்பட்டவர். சிலுவையின் நிழலுக்குப் போனார், அங்கேயும் சாதி உட்கார்ந்திருக்கக் கண்டார். வெளியே வந்தார். 1909-இல் தம் மக்களுக்கென்று தனி இயக்கமே கண்டார். அவருடைய கூட்டங்களில் சொற்பொழிவோடு பாட்டும் உண்டு. தாயும் பிள்ளையும் வெவ்வேறு ஆண்டைக்கு விற்கப்பட்ட கதையை, மாட்டோடு மனிதனை நுகத்தில் பூட்டிய கதையை, தம் குலத்தைப் பற்றி எந்த ஏட்டிலும் ஓர் எழுத்தும் இல்லாத கொடுமையை அவர் பாடினார், மக்கள் அழுதனர், அழுதவர் எழுந்தனர். ஏட்டில் எழுதப்படாத வரலாறு நாவிலே எழுதப்பட்டது. அந்த நாவின் வரலாற்றைத்தான், நூறாண்டு கழித்து, ஓர் ஓவியன் சுவரிலே ஏற்றினான்.

தோழர்களே! பாட்டாளி ஒருவன் கேட்கலாம்: "படம் பார்த்தால் பசி தீருமா? பாட்டுக் கேட்டால் பண்ணையார் கூலியை உயர்த்துவானா?" நியாயமான கேள்வி. பதில் சொல்லியாக வேண்டும். படம் பசி தீர்க்காது, பாட்டு கூலி தராது. ஆனால் ஒரு மனிதன் செத்தால் அது செய்தியா அல்லவா, ஒரு குடும்பம் அழுதால் அது நாட்டின் அழுகையா அல்லவா என்பதை நிர்ணயிப்பது எது? எவனுக்குச் சிலை இருக்கிறதோ, எவனுக்குப் பாட்டு இருக்கிறதோ, எவன் முகம் சுவரிலே தெரிகிறதோ, அவனுடைய துயரம் நாட்டின் துயரமாகிறது. மற்றவனுடைய துயரம் காவல் நிலையக் குறிப்பேட்டிலே ஒரு வரியாகி, பிறகு கரையானுக்கு இரையாகிறது. இதை உணர்ந்ததால்தான் ஆதிக்கக்காரன் நிலத்தை மட்டும் பிடித்துக்கொள்ளவில்லை. மேடையையும் பிடித்துக்கொண்டான், சுவரையும் பிடித்துக்கொண்டான்.

நம்முடைய மக்கள் கண்காட்சிக்குப் புதியவர்களல்லர். நெடுங்காலமாகக் கண்காட்சியிலே இருந்தவர்கள்தான் - காட்சிப் பொருளாக! சென்னை அருங்காட்சியகத்திலே எட்கர் தர்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் தலைவராக இருந்தார். கையிலே அளவுகோல். வருகிறவனுடைய மூக்கை அளப்பார், மண்டையை அளப்பார். 1909-இல் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகளை வெளியிட்டார். நம் மலைகளிலே வாழும் மலையாளிப் பழங்குடியினரும் அந்தத் தொகுதிகளிலே இடம்பெற்றார்கள். மூக்கின் அகலம் கிடைத்தது. நெஞ்சின் ஆழம்? அதற்கு அவரிடம் அளவுகோல் இல்லை! அளக்கப்பட்டவனின் வழித்தோன்றலே இன்று ஓவியனாக எழுந்து, "அளந்தது போதும், இனி நான் பாடுகிறேன், நீ கேள்" என்கிறான். பெர்லின் கண்காட்சியின் பெருமை இதிலே இருக்கிறது.

பாட்டு படமானது அங்கே. படம் பாட்டான வரலாறும் உண்டு. அமெரிக்க நாட்டிலே வெள்ளை வெறியர் கும்பல், கறுப்பு மக்களை மரக்கிளையிலே தூக்கிலிட்டுக் கொன்று, கீழே நின்று வேடிக்கை பார்த்த காலம். அப்படித் தொங்கிய உடல்களின் புகைப்படம் ஒன்று, நியூயார்க் நகரத்துப் பள்ளி ஆசிரியர் ஏபல் மீரோபோலின் கண்ணிலே பட்டது. அவருக்கு உறக்கம் போயிற்று. எழுதினார். மரத்திலே தொங்கும் அந்த விந்தைக் கனியைப் பற்றி அவர் எழுதிய பாட்டை 1939-இல் பில்லி ஹாலிடே என்ற கறுப்பினப் பாடகி மேடையிலே பாடினார். அவருடைய பெரிய இசைத்தட்டு நிறுவனம் அதைப் பதிவு செய்ய அஞ்சியது. சிறிய நிறுவனம் ஒன்று துணிந்தது. கொலை செய்தவன் பெயரை உலகம் மறந்தது. கொலையை மட்டும் அந்தப் பாட்டு மறக்க விடவில்லை!

பெர்லினையும் நியூயார்க்கையும் நாம் பேசுவது, அங்கே நின்று கைதட்டுவதற்காக அன்று. அங்கே கேட்ட கேள்வியை நம் வீட்டுக்குக் கொண்டு வருவதற்காக. வாருங்கள், சவ்வாது மலைக்கு!

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களிலே விரிந்து கிடக்கிறது சவ்வாது மலை. ஜமுனாமரத்தூர் அதன் நடுவூர். சாமை விளையும், புளி விளையும், பலா கனியும், தேன் கிடைக்கும். காவலூரிலே 1986 முதல் 2.3 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடி பொருத்திய பெரிய தொலைநோக்கி நிற்கிறது. கோடானுகோடி மைல் தொலைவிலுள்ள விண்மீனை அந்த மலையிலிருந்து பார்க்க முடிகிறது. நாலு கல் தொலைவிலே இருக்கும் குடிசையைப் பார்க்கத்தான் ஆளுவோர்க்கு நீண்ட காலம் கண்ணாடி கிடைக்கவில்லை!

அந்த மலைக்குடிகளை மலையாளி என்கிறோம். கேரளத்து மலையாளி என்று எண்ணிவிடாதீர். மலையை ஆள்பவன் மலையாளி, பேசுவது தமிழ், காஞ்சியிலிருந்து வந்தோம் என்று தம் முன்னோர் கதையைச் சொல்லும் தமிழ்க்குடி.

இந்த மலைநாட்டுக்கு ஒரு பழம்பெருமை உண்டு. பத்துப்பாட்டிலே ஒன்று மலைபடுகடாம். 583 அடிகள். பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது. பாட்டுடைத் தலைவன், பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மா நகரை ஆண்ட நன்னன். அந்தச் செங்கண்மாதான் மலையடிவாரத்திலே இன்று இருக்கும் செங்கம். பாட்டிலே வரும் சேயாறுதான் சவ்வாது மலையிலே பிறந்து ஓடி வரும் செய்யாறு. கூத்தராற்றுப்படை என்றும் அதற்குப் பெயர். முழவையும் ஆகுளியையும் குழலையும் யாழையும் சுமந்துகொண்டு, வயிறு ஒட்டிய கூத்தர் கூட்டம் மலைவழியே நடக்கிறது. மன்னனிடம் பரிசில் பெற்று வருகிறவன் வழி சொல்கிறான். "மலைக்குடிகளின் வீட்டுக்குப் போங்கள். உறவினர் வீட்டுக்குப் போவது போலப் போங்கள். உங்களைக் கண்டதும் அவர்கள் உணவு தருவார்கள்" என்கிறான். தமிழ்நாட்டுக் கலைஞனுக்கு, பரிசு தந்தவன் மன்னன் என்று ஏடு புகழ்கிறது. மன்னனிடம் போய்ச் சேரும் வரை சோறு போட்டவன் யார்? மலைக்குடியான்! இந்தக் கணக்கை மறந்துவிடாதீர். பின்னாலே வட்டியோடு கேட்கப் போகிறோம்.

அதே பாட்டு, மலையிலே எழும் ஓசைகளை அடுக்கிக்கொண்டே போகிறது. அருவியின் ஓசை, தினை குற்றும் பெண்களின் பாட்டு, பறையின் முழக்கம். அவற்றிடையே ஒரு பாட்டு, கல்லையும் கரைக்கும் பாட்டு: புலி பாய்ந்து மார்பிலே புண்பட்டுக் கிடக்கிறான் கணவன், அந்தப் புண்ணின் நோவு தணிய வேண்டுமென்று மலைப்பெண்கள் பாடுகிறார்கள். இசையை மருந்தாக்கிய மலை அது! வழியிலே நடுகற்கள் நிற்கும், அங்கே உங்கள் யாழை இசைத்துவிட்டுச் செல்லுங்கள் என்றும் கூத்தருக்குச் சொல்லப்படுகிறது. மாண்டவனுக்குக் கல். கல்லுக்கு இசை. இதுதான் இந்த மலைநாட்டின் மரபு.

பாட்டிலே மட்டுமா? மண்ணிலேயும் இருக்கிறது சான்று. செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை தேடித் தொகுத்து 1972-இல் நூலாகவே வெளியிட்டது. பல்லவர் காலத்துக் கற்கள். எடுத்தனூரிலே ஒரு கல், மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காத்து நின்று மாண்டான் கருந்தேவக்கத்தி. அவன் உருவம் கல்லிலே நிற்கிறது. பக்கத்திலே ஒரு நாய்! அதன் பெயர் கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் இருந்தது என்று கல் சொல்கிறது. ஏழாம் நூற்றாண்டின் சிற்பி, ஒரு நாயின் பெயரைக்கூட விட்டுவிட மனம் வராமல் வெட்டி வைத்தான்.

ஆயிரத்து நானூறு ஆண்டுக்கு முன்னே நாய்க்கும் பெயர் பொறித்த மண்ணிலே, நம் காலத்திலே என்ன நடந்தது?

2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 7. ஆந்திர மாநிலம், திருப்பதியை ஒட்டிய சேஷாசலம் காடு. 20 தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டத்துக் கூலிகள். சவ்வாது மலை, சித்தேரி மலைப் பழங்குடியினர் அவர்களிலே பலர். செம்மரம் வெட்ட வந்தார்கள், தாக்கினார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது ஆந்திரக் காவல்துறை. வழியிலே பேருந்திலிருந்து இறக்கிப் பிடித்துப் போனார்கள் என்று, உயிர் தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன்னே சொன்னார்கள்.

செம்மரம் வெட்டுவது சட்டப்படி குற்றம்தான். மறுப்பாரில்லை. குற்றம் என்றால் கைது செய், வழக்குத் தொடு, கூண்டிலே ஏற்று, சாட்சி சொல், தீர்ப்பு வாங்கு. சட்டம் படித்தவர்கள் வகுத்த வழி அதுதானே? மரத்தை வெட்டியவனுக்கு மரணம் என்று எந்த ஏட்டிலே எழுதியிருக்கிறது? கோடரி பிடித்தவன் காட்டிலே சாகிறான். முன்பணம் கொடுத்து அனுப்பிய தரகன் ஊரிலே உலவுகிறான். கப்பலேற்றும் கனவான் மாளிகையிலே உறங்குகிறான். குண்டுக்குக் கூட ஏழை வீட்டு வழிதான் தெரிகிறது போலும்!

ஏன் போனான் மலைக்குடியான்? ஆசையா? வானம் பார்த்த பூமியிலே ஒரு போகம் சாமை. அறுத்து முடித்தால் அடுத்த வேலை எங்கே? கேரளத்துக்குப் போகிறான், குடகுக்குப் போகிறான், கோவைக்கும் திருப்பூருக்கும் போகிறான். போகிற வழியிலே தரகன் நிற்கிறான், கையிலே முன்பணம். பிள்ளைக்குப் பள்ளிச் செலவு, மகளுக்குத் திருமணம், வட்டிக்காரன் வாசலிலே. வறுமை தள்ளியது, தரகன் இழுத்தான், துப்பாக்கி முடித்தது.

இனி அந்த மரத்தின் கதையைக் கேளுங்கள். செம்மரம் உலகிலே இயற்கையாக வளருமிடம் ஆந்திரத்தின் தென்பகுதிக் குன்றுகளும் அவற்றை ஒட்டிய காடுகளும்தான். கடல் கடந்து அது போகுமிடம் சீனம், ஜப்பான். சீனத்திலே செல்வர் வீட்டு நாற்காலியாகிறது, மேசையாகிறது. ஜப்பானிலே? இசைக்கருவியாகிறது! சாமிசென் என்று மூன்று நரம்புள்ள கருவி. அவர்களுடைய நாடக மேடையிலும் இசை மன்றத்திலும் பெருமையோடு வீற்றிருப்பது. நம் வீணைக்குப் பலா மரம் போல, நம் நாகசுரத்துக்கு ஆச்சா மரம் போல, உயர்தரச் சாமிசெனின் கழுத்துக்குச் செம்மரமே சிறந்ததென்று அவர்கள் போற்றுகிறார்கள்.

எண்ணிப் பாருங்கள்! மரம் காட்டை விட்டுப் போனது, கருவியானது, மேடையேறியது, பாடுகிறது, அவையோர் தலையசைக்கிறார்கள். அதை வாசிக்கும் ஜப்பானியக் கலைஞன்மீது நமக்குச் சினமில்லை. அவன் கையிலிருக்கும் மரம் எந்த வழியாக வந்தது என்பது அவனுக்கே தெரியாதிருக்கலாம். ஆனால், அந்த மரத்தின் நிழலிலே மாண்டவனுக்கு ஒரு பாட்டு உண்டா நம் நாட்டிலே? அவனுக்கு ஒரு கல் உண்டா? ஓர் ஓவியம் உண்டா? மரத்துக்கு இசை கிடைத்தது. மனிதனுக்கு மௌனம் கிடைத்தது! அன்று புலி பாய்ந்த புண்ணுக்குப் பாட்டு இருந்தது. இன்று குண்டு பாய்ந்த புண்ணுக்கு?

ஜமுனாமரத்தூரிலே கோடை விழா நடக்கிறது. அரசுத் துறைகள் கண்காட்சி அரங்குகள் அமைக்கின்றன. கலைநிகழ்ச்சிகள் உண்டு. மலைமக்களும் ஆடுகிறார்கள், மேளம் முழங்குகிறது. நல்லது. விழா வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. மலைக்கு ஒரு மேடை கிடைப்பது மகிழ்ச்சிதான். ஆனால் ஒன்று கேட்கிறோம். மலைக்குடியான் ஆடும்போது பார்க்கிறோமே, அவன் அழும்போது பார்த்தோமா? அவன் மேளத்தை மேடைக்கு அழைத்தோமே, அவன் ஒப்பாரியை அழைத்தோமா? ஆட்டத்தை மட்டும் வாங்கிக்கொண்டு அழுகையை வீட்டிலே விட்டுவிட்டு வா என்பது, தர்ஸ்டன் மூக்கை அளந்து நெஞ்சை விட்டதற்கு அண்ணன் தம்பி உறவல்லவா?

மேடை யாருடையது என்ற போர் நமக்குப் புதிதன்று. தமிழன் காசிலே, தமிழ்நாட்டு மேடையிலே, தமிழ்ப் பாட்டைத் துக்கடாவென்று கச்சேரியின் கடைசியிலே தள்ளிய காலம் ஒன்றிருந்தது. அதை எதிர்த்தெழுந்த தமிழிசை இயக்கம் 1943-இல் சென்னையிலே தமிழிசைச் சங்கம் கண்டது. வென்றோம். ஆனால் தமிழ் மேடையேறியபோது பறை ஏறியதா? ஒப்பாரி ஏறியதா? கானா ஏறியதா? அவை தெருவிலேயே நின்றன. சாவு வீட்டிலே அடி, சபையிலே அடிக்காதே என்ற சட்டம் எழுதப்படாமலே நிலவியது. 2020 டிசம்பரிலே, சென்னையிலே, நீலம் பண்பாட்டு மையத்தார் மார்கழியில் மக்களிசை என்று தொடங்கி, அதே மார்கழியிலே பறையையும் ஒப்பாரியையும் கானாவையும் மேடையேற்றினார்கள். 2025-இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. தெருவிலிருந்து சபைக்கு வர எழுபத்தைந்து ஆண்டுக்கு மேலாயிற்று. இன்னும் மலையிலிருந்து வரவேண்டியது பாக்கி.

ஆகவே நாம் கேட்பது இது. ஜமுனாமரத்தூரிலே ஒரு நிலையான கண்காட்சிக் கூடம் வேண்டும். அதிலே சாமையும் தேனும் இருக்கட்டும், மேளமும் குழலும் இருக்கட்டும். ஆனால் அவற்றை அடுக்குகிறவர்கள் மலைமக்களாக இருக்கட்டும். அவர்களுடைய பாட்டை, அவர்கள் குரலிலேயே பதிந்து, கேட்க வருகிறவன் காதிலே விழச் செய்ய வேண்டும். சென்னை, கும்பகோணம் ஓவியக் கல்லூரிகளிலே பயிலும் இளைஞர்கள் மலையேற வேண்டும். அளக்கும் கோலோடு போகாதீர். மலைப்பிள்ளைகளின் கையிலே தூரிகையைக் கொடுத்துவிட்டு அருகிலே அமருங்கள். அந்தக் கூடத்தின் வாசலிலே ஒரு கல். அதிலே 20 பெயர். அவ்வளவுதான்.

உடனே ஒரு கூட்டம் உறுமும்: "மரம் வெட்டப் போனவனுக்கா நினைவுக்கல்? திருட்டுக்கா திருவிழா?" அவர்களுக்குச் செங்கத்து நடுகற்களே பதில் சொல்லும். ஆநிரையை மீட்கப் போய் மாண்டவனுக்கும் கல் உண்டு. ஆநிரையைக் கவரப் போய் மாண்டவனுக்கும் கல் உண்டு! நம் முன்னோர் வழக்குரைஞர் அல்லர். ஆனால் நீதி தெரிந்தவர்கள். தன் ஊரின் பசிக்காகப் போய் உயிர் விட்டவன் தன் ஊருக்கு உறவு என்பதை உணர்ந்திருந்தார்கள். கல் நடுவது குற்றத்துக்குப் பாராட்டு அன்று. இவன் மனிதன், இவனுக்குப் பெயர் உண்டு, இவன் செத்ததற்குக் கணக்கு உண்டு என்ற அறிவிப்பு. கணக்கு கேட்பார் இருக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் துப்பாக்கியின் விசையிலே கை வைக்கிறவன் ஒரு நொடி எண்ணுவான்.

கூடம் எழுந்தால் கூலி உயருமா என்று கேட்ட தோழனுக்கு மீண்டும் சொல்கிறோம். கூடம் மட்டும் போதாது. மலையிலேயே வேலை வேண்டும். சாமைக்கும் தேனுக்கும் புளிக்கும் உழைத்தவனுக்குரிய விலை வேண்டும். தரகன் காலடி படாத ஊர் வேண்டும். ஆனால் இவற்றைக் கேட்கும் குரல் ஓங்க வேண்டுமானால், மலைக்குடியான் முகம் நாட்டுக்குத் தெரிந்தாக வேண்டும். முகம் தெரியாதவன் மனு, குப்பைக்கூடைக்குத்தான் போகும்!

தோழர்களே! கிளைக்குக் கிளை படிப்பகம் வைத்து ஏட்டைச் சுவரிலே ஒட்டிப் படிக்கச் செய்தவர்கள் நீங்கள். நாடகத்தையும் பாட்டையும் மேடைக்கு மேடை கொண்டுபோய், எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் உரிமையின் அரிச்சுவடியைச் சொல்லித் தந்தவர்கள் நீங்கள். திருவண்ணாமலையிலும் போளூரிலும் செங்கத்திலும் திருப்பத்தூரிலும் ஆலங்காயத்திலும் இருக்கும் தோழர்கள் மலையேறட்டும். பாட்டுத் தெரிந்தவன் பாட்டைக் கேட்டு எழுதட்டும். படம் தெரிந்தவன் தூரிகையோடு போகட்டும். இரண்டும் தெரியாதவன் மூட்டை தூக்கட்டும்.

வயிறு ஒட்டிய கூத்தனுக்கு உறவினன் போலச் சோறு போட்டது அந்த மலை. தமிழ்க் கலை உண்ட சோறு அது. உண்ட கடனுக்கு இருபது பெயர் கொண்ட ஒரு கல் கேட்கிறோம்; கல்லுக்கு முன்னே மரபுப்படி ஒரு பாட்டுக் கேட்கிறோம். நாய்க்கும் பெயர் பொறித்த நாடு, மனிதன் பெயரைப் பொறிக்க உளி இல்லை என்று சொல்லலாமா?